கழுத்தை வளைப்பதா, ஒளியைத் திருப்புவதா?

நமது கல்லூரி விஞ்ஞான கூடத்தின் பொருட்பதிவேட்டிலே நாம் நம் கையாலேயே எழுதிவைத்த சொல் ஒன்று மூன்று ஆண்டுகள் அழியாமல் இருந்தது. "தொலைகாட்டி ஒன்று — பழுது" என்பதே அது. பழுது தொலைகாட்டியில் இல்லை, அதனைப் பயன்படுத்தத் தெரியாத நம்மிடத்திலேதான் இருந்தது என்பதை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி நமக்கு உணர்த்தினாள். ஆசிரியர் ஒருவர் தம் பிழையைப் பத்திரிகையிலே ஒப்புக்கொள்வது அத்துணை வழக்கமன்று. ஆயினும் இதே பிழையினால் இன்னும் எத்தனை பாடசாலை அலுமாரிகளில், எத்தனை வீட்டுப் பரண்களில் நல்ல கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றனவோ என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டியது.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அனுப்பிவைத்த கருவி அது. முன்வாய் 90 மில்லிமீற்றர் அகலம்; நீளமோ ஒரு முழத்துக்கும் குறைவு. படங்களிலே காணும் நெடுங்குழல் போலன்றிப் பெரியதொரு பால்மாப் பேணி போன்ற தோற்றம். கையில் எடுத்துக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறிவிடலாம். பெட்டியைப் பிரித்த அன்று மாலையே அதனை முக்காலித் தாங்கியிற் பொருத்திப் பின்புறத் துளையிலே பார்வைத் துண்டைச் செருகி, பள்ளத்தாக்கின் அக்கரையிலிருந்த தேயிலைத் தொழிற்சாலையை நோக்கினோம். தொழிற்சாலை தலைகீழாகத் தொங்கியது. அதன் நெற்றியில் எழுதியிருந்த தோட்டத்தின் பெயரும் தலைகீழாகவே தெரிந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அன்றிரவு வியாழன் ஏறக்குறைய நடு உச்சியில் நின்றது. குழலை நிமிர்த்தினோம், பார்வைத் துண்டு நிலத்தை நோக்கிக் கீழே போய்விட்டது. பாயை விரித்து மல்லாந்து படுத்து, தாங்கியின் கால்களுக்கிடையே தலையை நுழைத்து, ஒரு கணம் வியாழனைக் கண்டோம். அடுத்து வந்த மாணவனின் தோள் தாங்கியிலே பட்டது, வியாழன் மறைந்தது. அதனை மீண்டும் தேடிப் பிடிப்பதற்கு அரைமணி நேரம் சென்றது. அதற்குள் பாதிப் பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது மூன்று நாட் கழுத்துவலி. "இது விளையாட்டுச் சாமான், கல்விக்கு உதவாது" என்று தீர்ப்பளித்து அலுமாரியிற் பூட்டினோம்.

அலுமாரியைத் துப்புரவு செய்யும்போதுதான் அந்த மாணவி இழுப்பறையின் மூலையிலிருந்து சிறு பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். அதனுள்ளே, தண்ணீர்க் குழாய்க்குப் பொருத்தும் முழங்கை போன்று, செங்கோணமாக மடங்கிய துண்டு ஒன்று இருந்தது. "சேர், இந்த முழங்கை எதற்கு?" என்று கேட்டாள். உபரிப் பாகம் என்று கருதி நாம் ஒதுக்கிவைத்த பொருள் அது. ஆங்கிலத்திலே அதனை 'ஸ்டார் டயகனல்' என்பர். அவள் வைத்த முழங்கை என்னும் பெயரே நமக்குப் போதுமானது.

குழலின் உள்ளே

முழங்கையின் பயனை அறியக் குழலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். வில்லைக்குப் பதிலாகக் குழியாடியைக் கொண்டு ஒளியைத் திரட்டும் தொலைகாட்டியை ஐசாக் நியூட்டன் 1668ஆம் ஆண்டிலே செய்தார். குழியாடி ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புமாதலால், அதனைக் காணத் தலையைக் குழலின் வாயினுள் நீட்ட வேண்டியிருக்கும். தலையோ வரும் ஒளியை மறைத்துவிடும். ஆகவே அவர் குழலின் நடுவே சிறிய தளவாடி ஒன்றை 45 பாகை சரித்து வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் வெளியே எடுத்தார். முதல் தெறிப்புத் தொலைகாட்டியிலேயே முழங்கைக் கருத்து குடிகொண்டிருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1672இல், பிரான்சு நாட்டுக் கசெகிரேன் என்பவர் பெயரால் வேறோர் அமைப்பு வெளியாயிற்று. பின்புறக் குழியாடியின் நடுவிலே துளை. முன்புறத்திலே சிறிய குவிவாடி. குழியாடியிற்பட்டுத் திரும்பும் ஒளியைக் குவிவாடி மறுபடியும் பின்னோக்கி அனுப்ப, அது துளையின் வழியாக வெளிவருகின்றது. ஒளி குழலினுள்ளே முன்னும் பின்னுமாக மடிந்து செல்வதால் நெடிய குவியத் தூரத்தைக் குறுகிய குழலில் அடக்க முடிகின்றது. நமது கருவியின் குவியத் தூரம் 1250 மில்லிமீற்றர். குழலின் நீளமோ அதன் நாலிலொரு பங்கு அளவே.

இருபதாம் நூற்றாண்டிலே 1930 அளவில் பேர்ணாட் சிமித் என்பவரும், 1941இல் ருஷ்ய நாட்டு மக்சுத்தொவ் என்பவரும் இத்தகைய குழல்களின் முன்வாயில் வைக்கத்தக்க திருத்தும் கண்ணாடிகளைக் கண்டுபிடித்தனர். 1954இல் அமெரிக்காவிலே விற்பனைக்கு வந்த 'குவெஸ்டார்' என்னும் கைப்பெட்டித் தொலைகாட்டியும், 1970இல் வந்த எட்டங்குல 'செலஸ்ட்ரோன்' கருவியும் இக்குறுங்குழல்களை வீடுகளுக்குக் கொண்டுசென்றன. குவெஸ்டாரை அமைத்தவர் ஒளியை மேனோக்கித் திருப்பும் அரியத்தைக் கருவியின் உடலினுள்ளேயே பொருத்திவிட்டார். நம்மைப்போல் அதனை இழுப்பறையில் மறந்துவிட வழியில்லாமற் செய்த புத்திசாலி அவர்.

நம் நாட்டிலே கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பானிய அன்பளிப்பாக 1996இல் நிறுவப்பெற்ற 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டியும் கசெகிரேன் வகையினதே. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டியிலும் கசெகிரேன் குவியம் உண்டு. நம் அலுமாரியிற் கிடந்தது அக்குடும்பத்தின் கடைக்குட்டி.

நம் வானம் வேறு

தொலைகாட்டியுடன் வந்த கைந்நூலிலே முழங்கையைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன. 'வசதிக்காகப் பயன்படுத்தலாம்' என்பது அவற்றின் கருத்து. அந்நூலை எழுதியவர் குளிர்நாட்டவராயிருத்தல் வேண்டும் என்று இப்போது நினைக்கின்றோம். அதன் காரணத்தை மாணவர்கள் ஒரு சிறு கணக்கினாலே கண்டுகொள்ளலாம்.

சூரியனும் சந்திரனும் கிரகங்களும் ஏறக்குறைய ஒரே பாதையில், வான நடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சுமார் 23½ பாகை வரை விலகிச் செல்கின்றன. லண்டன் மாநகரம் வட அகலக்கோடு 51½ பாகையில் உள்ளது. அங்கே சூரியன் ஆண்டிலே மிக உயர்ந்து நிற்கும் நாளில், தொடுவானத்திலிருந்து 62 பாகை உயரத்துக்கே ஏறும். பதுளையோ சுமார் 7 பாகையில் உள்ளது. இங்கே சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசெம்பர் மாதத்திலும் நண்பகலில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். அவர்களுக்கு எது உச்சமோ அதுவே நமக்குத் தாழ்வு! கிரகங்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். அவை நடுவானைக் கடக்கும் வேளையில் நமக்கு எப்போதும் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே இருக்கும்.

இஃது ஒரு பெரும் பேறு. தொடுவானத்தருகே உள்ள பொருளின் ஒளி தடித்த காற்றுப் படலத்தை ஊடறுத்து வருவதால் விம்பம் கலங்கித் துடிக்கும். உச்சியிலுள்ள பொருளின் ஒளியோ மிகக் குறைந்த காற்றைக் கடந்து தெளிவாக வரும். மேலும், நமுனுகுலை மலைத்தொடரும் பிற குன்றுகளும் சூழ்ந்த பதுளைப் பள்ளத்தாக்கிலே தொடுவானம் என்பதே கிடையாது; உச்சி வானந்தான் நமக்குரிய வானம். அந்தப் பேற்றை அனுபவிப்பதற்கு, உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒளியைப் பக்கத்துக்குத் திருப்பித் தரும் துணைக்கருவி வேண்டும். குளிர்நாட்டவருக்கு வசதியாயிருப்பது நமக்கு இன்றியமையாததாகின்றது. முழங்கை இல்லாத குறுங்குழல் பதுளையிலே அரைத் தொலைகாட்டியே ஆகும்.

மூவகை முழங்கைகள்

முழங்கையில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது ஆடி முழங்கை. அதனுள் 45 பாகை சரிவில் தளவாடி ஒன்று உள்ளது. முகம் பார்க்கும் கண்ணாடியிற்போலப் பின்புறத்திலன்றி, இதன் முன்புறத்திலேயே உலோகப் பூச்சு இருக்கும். சாதாரண அலுமினியப் பூச்சு விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கைத் திருப்பும். பல படலங்களாற் செய்த விலையுயர்ந்த பூச்சு 99 பங்கு வரை திருப்பும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் உணர்தல் மிகக் கடினம். எனவே பணம் குறைந்தவர்கள் பூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது அரிய முழங்கை. இதில் பூச்சே இல்லை. செங்கோண அரியம் ஒன்று உள்ளது. கண்ணாடியின் அவதிக் கோணம் சுமார் 41 பாகை. ஒளியோ அரியத்தின் சாய்முகத்தில் 45 பாகையிற் படுகின்றது. ஆகவே முழுஅகத்தெறிப்பு நிகழ்ந்து ஒளி முழுவதும் திரும்புகின்றது. பௌதிக வகுப்பிலே பரீட்சைக்காக மனனஞ் செய்யும் பாடம் இங்கே கண்முன்னே தொழிற்படுவதை மாணவர்கள் காணலாம். அகன்று விரைந்து குவியும் ஒளிக்கற்றையில் அரியம் சிறிது நிறப்பிழையை உண்டாக்கும். ஆனால் நமது குறுங்குழல்களிலே ஒளிக்கற்றை ஒடுங்கி மெல்லக் குவிவதால் அக்குறை புலப்படாது. பூச்சு இல்லாததால் மலைநாட்டு ஈரத்தில் அது கெட்டுப்போகும் அச்சமும் இல்லை. நமக்குக் கிடைத்தது இவ்வகையே.

மூன்றாவது, கூரை போல் இரு முகங்கள் கொண்ட 'அமிச்சி' அரியம். இதன் அருமையை உணர, விம்பம் எவ்வாறு புரள்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

தெறிப்புகளின் எண்ணிக்கை ஒற்றையாயின் வலமிடம் மாறும், இரட்டையாயின் மாறாது. நமது குழலுக்குள்ளே இரண்டு ஆடிகள். எனவே நேரே பார்த்தபோது விம்பம் முழுவதும் தலைகீழாகத் திரும்பியிருந்ததே தவிர, எழுத்துகள் கண்ணாடி எழுத்துகளாகவில்லை. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தது போன்று இருந்தன. முழங்கையைச் சேர்த்ததும் தெறிப்பு மூன்றாயிற்று. தொழிற்சாலை நிமிர்ந்து நின்றது. ஆனால் தோட்டத்தின் பெயர் வலமிடம் மாறி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போலாயிற்று. அமிச்சி அரியத்தில் இருமுறை தெறிப்பதால் மொத்தம் நான்காகிறது. பெயரைச் சரியாகப் படித்துவிடலாம். மலையையும் பறவையையும் நிலக்காட்சிகளையும் பார்க்க அதுவே சிறந்தது. வான்பார்வைக்கோ அது முதற்றரமன்று. பிரகாசமான விண்மீனையோ கிரகத்தையோ பார்க்கும்போது, கூரை முகங்கள் கூடும் விளிம்பினால் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று குறுக்கே தோன்றக்கூடும். அதிலும் பல 45 பாகையே மடங்குவன. உச்சியைப் பார்க்க அவை பாதி உதவியே செய்யும்.

வானத்திலே மேலும் கீழும் இல்லையாதலால் வலமிடம் மாறுதல் குற்றமன்று. சந்திரனின் படத்தை வைத்துக்கொண்டு பள்ளங்களின் பெயர்களை அறிய விரும்புவோர் மாத்திரம் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் ஒத்துவராது. மெல்லிய தாளில் அச்சிட்டுப் பின்புறமாகத் திருப்பி, விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால் ஒத்துவரும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முழங்கை நன்றாயிருக்கின்றதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்வையின் நடுவிற்கொண்டு, முழங்கையைத் தன் அச்சில் மெல்லச் சுழற்றுக. புள்ளி பெரிதும் விலகி ஓடினால் உள்ளேயுள்ள ஆடியோ அரியமோ சரிந்திருக்கின்றது என்க.

அளவையும் பார்த்தல் வேண்டும். இன்று பரவலாயுள்ள பார்வைத் துண்டுகளின் கழுத்து 1¼ அங்குலம். பழைய சிறு கருவிகள் சிலவற்றிலே 24.5 மில்லிமீற்றர் கழுத்தே உண்டு. ஒன்று மற்றொன்றிற் பொருந்தாது. கவைத் தாங்கியில் நிறுத்தும் குழலாயின், பெரிய முழங்கை தாங்கியின் அடிப்பலகையில் இடிக்கும்; அப்போது குழல் உச்சியை நோக்கி நிமிராது. உச்சி வானத்துக்காகவே முழங்கை வாங்கும் நாம் இதனை மறந்தால் பயனில்லை. பார்வைத் துண்டைப் பற்றும் திருகாணியும் உறுதியாக இருக்கவேண்டும். இருட்டிலே கழன்று விழும் வில்லை தேயிலைச் சரிவில் உருண்டால் விடிந்த பின்னும் அகப்படாது.

பார்வைத் துண்டுகள் இரண்டு போதும். தொலைகாட்டியின் குவியத் தூரத்தைப் பார்வைத் துண்டின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். நமது 1250 மில்லிமீற்றர் குழலிலே 32 மில்லிமீற்றர் துண்டு ஏறக்குறைய 39 மடங்கும், 10 மில்லிமீற்றர் துண்டு 125 மடங்கும் பெருக்கும். முழு நிலவைக் காண முன்னது. சனியின் வளையத்துக்குப் பின்னது. முன்வாயின் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து இரட்டித்தால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. நமக்கு அது 180. விளம்பரங்களில் வரும் 500 மடங்கு, 600 மடங்கு என்பவை இத்தகைய சிறு குழலுக்கு வெறும் சொல்லே. 1833இல் பீற்றர் பார்லோ அறிமுகஞ் செய்த குழிவில்லை ஒன்றை இடையிலே சேர்த்தால் ஒவ்வொரு துண்டும் இரண்டு துண்டுகளின் வேலையைச் செய்யும். அதனை முழங்கைக்குப் பின், பார்வைத் துண்டுடன் வைத்தால் இருமடங்கு. முழங்கைக்கு முன் வைத்தால் அதனினும் கூடும்.

வான நடுக்கோட்டை ஒட்டிச் சுழலும் தாங்கியைத் துருவ விண்மீனைக் கொண்டு சரிசெய்யுமாறு கைந்நூல்கள் கூறும். நமக்கு அவ்விண்மீன் 7 பாகை உயரத்திலேயே இருப்பதால் பதுளையிலே அது பெரும்பாலும் குன்றுக்குப் பின்னாலேயே மறைந்திருக்கும். தொடங்குவோர்க்கு மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அசையும் எளிய தாங்கியே ஏற்றது.

பணமின்றிச் செய்யத்தக்க துணைக்கருவி ஒன்று உண்டு. குறுங்குழலின் முன்வாய்க் கண்ணாடி வானத்துக்கு நேரே திறந்திருப்பதால் பண்டாரவளை, அப்புத்தளை போன்ற இடங்களில் ஒரு மணி நேரத்துக்குள் பனி படிந்துவிடும். கறுப்பு மட்டையைச் சுருட்டி, குழலின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாக முன்னே நீட்டிவைத்தால் பனி தாமதிக்கும். பனி படிந்தால் சேலைத் தலைப்பால் துடைத்தல் கூடாது. அது கீறலையே தரும். வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் முக்கால்மணி நேரம் குழலைக் குளிரவிடுதலும் அவசியம். பார்த்து முடிந்தபின் ஈரம் உலர்ந்த பிறகே பெட்டியில் வைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப்பொதி ஒன்றையும் உடன் இடுக. தவறினால் வில்லைகளிலே பூஞ்சணம் பிடிக்கும்.

பெற்றோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். முன்வாயை முழுவதும் மூடும் தகுந்த சூரிய வடிகட்டி இல்லாமல் தொலைகாட்டியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வைத் துண்டிலே திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். பார்வை நொடியிற் போய்விடும். பகலில் கருவியைப் பிள்ளைகளிடம் தனியே விடாதீர்கள்.

பிரட்டுக்களத்தில் ஓர் இரவு

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் தேதி, பௌர்ணமி இரவு, முழுச் சந்திர கிரகணம் வந்தது. நம் நாட்டு நேரப்படி இரவு 9.57க்குப் பிடித்து, 11 மணி முதல் 12.22 வரை முழு மறைப்பு நிலவியது. அந்த 82 நிமிடமும் சந்திரன் பதுளைக்கு மேலே ஏறக்குறைய 70 பாகையோ அதற்கு மேலோ ஆன உயரத்தில் நின்றது. முழங்கையைக் கண்டெடுத்த மாணவி, "எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா, சேர்?" என்று கேட்டாள். பசறை வழியிலுள்ள தோட்டம் அது.

பிரட்டுக்களத்தின் ஓரத்திலே, தொழிற்சாலை விளக்குகள் படாத பக்கமாகத் தாங்கியை ஊன்றினோம். மாரியம்மன் கோயில் நடை சாத்தியிருந்தது. கிரகண காலத்தில் வெளியே வரலாகாது என்றிருந்தோர் லயத்தின் உள்ளேயே இருந்தனர். அவர்களை நாம் வற்புறுத்தவில்லை. ஆயினும் பத்து மணிக்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் முழு மறைப்பு முடிவதற்குள் எல்லாரும் பார்த்துவிடலாம் என்று மாணவி கணக்கிட்டுச் சொன்னாள். முன்போல் பாயில் படுத்துப் பார்ப்பதாயின் பத்துப் பேருக்கும் போதாத நேரம் அது.

முழங்கை பின்புறத்தில் மேனோக்கி நின்றது. பெரியவர்கள் சற்றே குனிந்தார்கள். சிறுவர்கள் வந்தபோது திருகைத் தளர்த்தி முழங்கையைப் பக்கத்துக்குச் சுழற்றினோம். பார்வைத் துண்டு அவர்கள் கண்ணுக்கு நேரே வந்தது. ஒருவர் தோளும் தாங்கியிற் படவில்லை. இடையிலே மேகம் வந்து கால்மணி நேரத்தைத் தின்றது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

மாணவியின் அப்பாயி மட்டும் தூரத்தே கல்லொன்றில் அமர்ந்திருந்தார். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். அவரை அழைத்தோம்.

"நமக்கு எதுக்குங்க ஐயா? கூடை சொமந்து சொமந்து கழுத்து நிமிராது. நெலாவ நேராப் பாத்தே ரொம்ப வருசமாச்சு" என்றார்.

பேத்தி கையைப் பிடித்து அழைத்துவந்து ஸ்டூலில் இருத்தினாள். அவர் வழக்கமாய்க் குனிந்திருக்கும் நிலையிலேயே கண்ணருகே பார்வைத் துண்டு இருந்தது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. செம்புத் தட்டுப் போலச் சிவந்த நிலவு அங்கே நிறைந்திருந்தது. பிறகு தலையை எடுக்காமலே கேட்டார்:

"ஏன் ஆயி, நெலா மேலதானே இருக்கு? நான் கீழ குனிஞ்சில்ல பாக்குறேன்?"

"உள்ளுக்குக் கண்ணாடி இருக்கு அப்பாயி. அது திருப்பி விடுது."

"நல்ல கண்ணாடிதான்" என்றார் அவர். ஒரு நிமிடம் கடந்தது. இரண்டு நிமிடமும் கடந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவரேனும் அவசரப்படுத்தவில்லை. நாமும் மணியைப் பார்க்கவில்லை.

கிரகணம் விட்டு நிலவின் ஓரம் வெளுக்கத் தொடங்கியபின், அருகே நின்ற சனியைக் காட்டினோம். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே சனியின் வளையத்தளம் பூமிக்கு நேரே விளிம்பு காட்டியது. செப்டெம்பரிலும் வளையம் மிக ஒடுங்கியே இருந்தது. 125 மடங்கு பெருக்கத்திலே, மணியொன்றில் ஊசியைக் கோத்தது போல் அது தெரிந்தது. "படத்தில் அகலமாக இருக்கிறதே" என்று சிறுவன் ஒருவன் வாதிட்டான். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டுகள் செல்வதையும், அக்காலத்துள் வளையம் நமக்கு விரிந்தும் ஒடுங்கியும் தோன்றுவதையும் அந்தப் பிரட்டுக்களத்திலேயே பாடமாக நடத்தினோம். கரும்பலகை தேவைப்படவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள்

ஊவாவின் மேற்குப்புற மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரையில் இங்கு வறண்ட காற்று வீசுகின்றது. அக்காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைத் தருகின்றது. அதே காற்று மேகத்தைக் கலைத்து இரவு வானத்தையும் திறந்துவிடுகின்றது. காற்றின் வேகத்தாற் குழல் நடுங்குமாயின் சுவரோரத்தை நாடுக. தெளிந்த வானமும் உச்சியில் நிற்கும் கிரகங்களும் நமக்குச் செலவின்றிக் கிடைத்தவை. கருவி இல்லாதவர்கள் பெரிய குழலை எண்ணி ஏங்காமல், சிறு குழலுக்கு நல்ல முழங்கையும் இரு பார்வைத் துண்டுகளும் உறுதியான தாங்கியும் தேடிக்கொள்வார்களாக. கருவி உள்ளவர்கள் முதலில் தங்கள் அலுமாரியின் இழுப்பறையைத் திறந்து பார்ப்பார்களாக.

2028ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் தேதி இரவு 10.22 மணியளவிலே மற்றொரு முழுச் சந்திர கிரகணத்தின் நடுவேளை நமக்கு வருகின்றது. அப்போதும் சந்திரன் உயர்ந்தே நிற்கும். வடகீழ்ப் பருவமழை இடந்தருமாயின், அன்றும் பிரட்டுக்களத்துக்குப் போவதாக வாக்களித்திருக்கின்றோம். ஸ்டூல் ஒன்றும் எடுத்துச் செல்வோம்.

பொருட்பதிவேட்டிலே "பழுது" என்ற சொல்லை அடித்துவிட்டோம். அதன் அருகே, "முழங்கை ஒன்று — உண்டு" என்று மாணவியைக் கொண்டே எழுதுவித்தோம்.